அப்ஸ்ட்ரீம் மூலநிரலும் பேட்சுகளும்: டெபியன் பொதி கட்டுவோருக்கு முழுமையான வழிகாட்டி

அப்ஸ்ட்ரீம் என்ற சொல்லைச் சேலத்துக்காரருக்கு விளக்குவது எளிது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு நகரத்தைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. மேலே கலப்பது எதுவானாலும் கீழே உள்ள எல்லா ஊருக்கும் வந்து சேரும். கீழே ஒருவர் தன் குடத்துத் தண்ணீரை மட்டும் வடிகட்டிக்கொண்டால், அந்தச் சுத்தம் அவர் வீட்டோடு நின்றுவிடும். நிரலை எழுதுபவர் மேல்பக்கம் இருக்கிறார், அதை டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் நிறுவத் தகுந்த பொதியாகக் கட்டும் நாம் கீழ்ப்பக்கம் இருக்கிறோம். மூலநிரலில் நாம் செய்யும் மாற்றத்தை வரிவரியாகக் குறித்து வைக்கும் பேட்ச் கோப்புதான் நம் குடத்து வடிகட்டி. திருத்தம் மேலே போய்ச் சேராத வரை, ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் திரும்ப வடிகட்ட வேண்டியதுதான்.

ஒரு கற்பனை நிரலை வைத்து வேலையை விளக்குகிறோம். பெயர் எடைச்சீட்டு, பதிப்பு 1.4.2. எடைத்தராசிலிருந்து எடையைப் படித்துச் சீட்டு அச்சிடும். செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கும், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்கும், கொலுசுப் பட்டறைக்கும், ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்கும் ஒரே பொதி போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கட்டளைகளை வகுப்பில் வாசித்துச் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் தருகிறோம். கோடு, சாய்கோடு, அடிக்கோடு எல்லாம் உள்ளபடியே இருக்கும்.

முதலில் தேவைப்படுபவை

டெவ்ஸ்கிரிப்ட்ஸ் (யூஸ்கேன், டெப்டிஃப் இதில் வரும்), ஜிட்-பில்ட்பேக்கேஜ் (கட்டளைகளில் இதன் பெயர் ஜிபிபி), குவில்ட் (பேட்சுகளைக் கையாளும்), பிரிஸ்டின்-டார், எஸ்பில்ட் (சுத்தமான சூழலில் பொதி கட்டும்), லிண்டியன் (பொதியில் தவறு தேடும்) ஆகிய ஆறையும் டெபியனின் நிறுவும் கருவியான ஆப்ட் மூலம் நிறுவுங்கள். நிரலின் மூலக்கோப்புறைக்குள் டெபியன்/சோர்ஸ்/ஃபார்மட் என்ற கோப்பில் ஒரே ஒரு வரி இருக்க வேண்டும்: 3.0, ஓர் இடைவெளி, அடைப்புக்குறிக்குள் குவில்ட். இந்த வடிவத்தில் மூலப்பொதி மூன்று துண்டாக இருக்கும். அப்ஸ்ட்ரீம் தன் மூலக்கோப்புகளை ஒன்றாகக் கட்டித் தந்த டார் கோப்பு ஒன்று. நம்முடைய டெபியன் கோப்புறை மட்டும் அடங்கிய டார் கோப்பு இன்னொன்று. இரண்டின் செக்சம்களையும் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்கள்) பட்டியலிடும் டிஎஸ்சி கோப்பு மூன்றாவது.

முதல் துண்டில் ஒரு பைட்டைக்கூடத் தொடக்கூடாது. நம் மாற்றங்கள் எல்லாம் டெபியன்/பேட்சஸ் கோப்புறைக்குள், ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக இருக்கும். எந்த வரிசையில் இடுவது என்பதை அதே கோப்புறையில் உள்ள சீரிஸ் என்ற கோப்பு சொல்லும். இந்தப் பிரிவு கலங்கிப் போனால், எந்த வரி யாருடையது என்று ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

டார் கோப்பை எங்கிருந்து, எப்படி எடுப்பது

அவசரமாக யாரும் தாண்டிப் போகக்கூடாத இடம் இது. டெபியன்/வாட்ச் என்ற கோப்பில் அப்ஸ்ட்ரீம் பதிப்பு வெளியிடும் முகவரியையும், பதிப்பு எண்ணைப் பிடிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனையும் எழுதி வைத்தால், யூஸ்கேன் அதைப் படித்துப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கும். முதல் வரி வெர்ஷன்=4. எழுதியதும்

யூஸ்கேன் --ரிப்போர்ட் --வெர்போஸ்

என்று ஓட்டிப் பாருங்கள். எந்தெந்த இணைப்புகள் பொருந்தின, எதை மிகப் புதியது என்று எடுத்தது என்பதெல்லாம் திரையில் வரும்.

முன்வெளியீடுகளில் கவனம் தேவை. டெபியனில் பொதிகளைக் கையாளும் டிபிகேஜியின் கணக்கில் 1.5.0ஆர்சி1 என்பது 1.5.0-ஐ விடப் பெரியது. அந்தப் பெயரிலேயே பொதி வெளியிட்டுவிட்டால், பிறகு வரும் இறுதிப் பதிப்பு அப்கிரேடாகப் போகாது. இடையில் டில்டே குறி சேர்த்து 1.5.0~ஆர்சி1 என்று வைத்தால் அது 1.5.0-க்குக் கீழே உட்காரும். வாட்ச் கோப்பில் யூவெர்ஷன்மேங்கிள் என்ற விருப்பம் இந்த மாற்றத்தைத் தானாகச் செய்யும்.

அப்ஸ்ட்ரீம் தன் வெளியீட்டைக் கையொப்பமிட்டால், அவருடைய பொதுச் சாவியை டெபியன்/அப்ஸ்ட்ரீம்/சைனிங்-கீ.ஏஎஸ்சி என்று வைத்து, வாட்ச் கோப்பில் பிஜிபிமோட்=ஆட்டோ என்று சேருங்கள். கையொப்பம் பொருந்தாவிட்டால் யூஸ்கேன் பிழை சொல்லி நின்றுவிடும்.

கையொப்பம் மட்டும் போதாது என்பதை எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற சுருக்கும் கருவியின் விவகாரம் காட்டியது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் அதை வெளியே சொன்னார். 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளிலும் பின்கதவு, அதாவது ரகசிய நுழைவழி, இருந்தது. அதைத் தூண்டிவிடும் எம்4 கோப்பு (பில்ட் அமைப்புக்கான கோப்பு), மாற்ற வரலாற்றைப் பதியும் ஜிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியிட்ட டார் கோப்பில் மட்டுமே இருந்தது. பராமரிப்பாளரே முறையாக வெளியிட்டது அது. அதனால் டார் கோப்பைப் பிரித்த கோப்புறையையும், அதே டேகின் (ஜிட்டில் ஒரு பதிப்பைக் குறிக்கும் பெயர்) ஜிட் செக்அவுட்டையும் டிஃப் -ஆர் கொண்டு ஒப்பிடுங்கள். கான்ஃபிகர், மேக்ஃபைல்.இன் போல ஆட்டோடூல்ஸ் உருவாக்கும் கோப்புகள் கூடுதலாக இருப்பது இயல்பு. அவை தவிர வேறு எது கூடியிருந்தாலும், மாறியிருந்தாலும் காரணம் தெரியும் வரை பொதி கட்டாதீர்கள். இந்த ஒப்பீடு சில நிமிட வேலை.

அப்ஸ்ட்ரீம் தனியாக டார் கோப்பு வெளியிடாமல் டேக் மட்டும் போடுகிறார் என்றால், கிட்ஹப் தானாக உருவாக்கும் கோப்பைத்தான் எடுக்க நேரும். அதன் செக்சம் மாறவே மாறாது என்று நம்பிவிடக்கூடாது. 2023 ஜனவரி 30 அன்று அங்கே சுருக்கும் முறை மாறியதில் பழைய செக்சம்கள் பொருந்தாமல் பல பில்டுகள் (நிரலைத் தொகுத்துக் கட்டும் வேலைகள்) நின்றன, பிறகு மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்த கோப்பை நாமே பத்திரமாக வைத்துக்கொள்வதுதான் வழி. பிரிஸ்டின்-டார் அதற்குத்தான் இருக்கிறது: மூல டார் கோப்பை பைட் மாறாமல் மீண்டும் உருவாக்கத் தேவையான சிறு வேறுபாட்டை மட்டும் ஜிட்டில் ஒரு தனிக் கிளையில் சேமிக்கும்.

சில நேரம் டார் கோப்பில் நாம் விநியோகிக்கக் கூடாதது இருக்கும். எடைச்சீட்டுக்குள் உரிமம் தெரியாத ஓர் எழுத்துருவும், மூலமில்லாமல் சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட்டும் இருக்கின்றன என்று வைப்போம். கையால் நீக்கித் திரும்பச் சுருக்க வேண்டாம். டெபியன்/காப்பிரைட் கோப்பின் முதல் பத்தியில் ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடட் என்று எழுதி, நீக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, வாட்ச் கோப்பில் ரீபேக்சஃபிக்ஸ்=+டிஎஃப்எஸ்ஜி, டிவெர்ஷன்மேங்கிள்=ஆட்டோ என்று சேர்த்தால், யூஸ்கேன் பதிவிறக்கும்போதே நீக்கி 1.4.2+டிஎஃப்எஸ்ஜி என்று பெயரிடும் (டிஎஃப்எஸ்ஜி என்பது டெபியனின் கட்டற்ற மென்பொருள் விதிகளின் சுருக்கம்). பிறகு இன்னொரு கோப்பையும் நீக்க வேண்டிவந்தால் பின்னொட்டையும் மாற்றுங்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு டார் கோப்புகள் இருந்தால் ஆர்க்கைவ் ஏற்காது.

ஜிட் களஞ்சியத்தை அமைத்தல்

மூன்று கிளைகள் போதும்: அப்ஸ்ட்ரீம்/லேட்டஸ்ட், டெபியன்/லேட்டஸ்ட், பிரிஸ்டின்-டார். டெபியன்/ஜிபிபி.கான்ஃப் என்ற கோப்பில் டிஃபால்ட் பிரிவின் கீழ் முதல் இரண்டு கிளைகளின் பெயரையும், பிரிஸ்டின்-டார் = ட்ரூ என்பதையும், பிக்யூ பிரிவின் கீழ் பேட்ச்-நம்பர்ஸ் = ஃபால்ஸ் என்பதையும் எழுதுங்கள். இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் பேட்ச் பெயர்களின் முன்னால் 0001, 0002 என்று எண் ஒட்டும். நடுவில் ஒன்றை நீக்கினால் மற்ற எல்லாக் கோப்பின் பெயரும் மாறி, வரலாறு வாசிக்க முடியாமல் போகும்.

பிறகு

ஜிபிபி இம்போர்ட்-ஆரிக் --யூஸ்கேன்

டார் கோப்பு இறங்கி, அப்ஸ்ட்ரீம் கிளையில் சேர்ந்து, டேக் விழுந்து, டெபியன் கிளைக்கும் வந்துவிடும். டெபியன் கிளையில் பேட்சுகள் இடப்படாத நிலையிலேயே நிரல் இருக்க வேண்டும்.

இந்த அமைப்பு ஏற்காட்டில் இருந்து வேலை செய்பவருக்குப் பெரிய உதவி. சிக்னல் உள்ள இடத்தில் ஒருமுறை குளோன் செய்துவிட்டால் டார் கோப்பு, பேட்சுகள், வரலாறு எல்லாம் மடிக்கணினியில் இருக்கும். பிறகு கட்டி முடிக்க இணையமே வேண்டாம். எஸ்பில்ட்டுக்குத் தேவையான சார்புப் பொதிகள் மட்டும்தான் மிச்சம். கல்லூரி ஆய்வகமானால் ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி வைத்துவிடுங்கள். முப்பது கணினிகள் ஒரே கோப்பை முப்பது முறை இறக்க வேண்டியதில்லை.

பேட்ச் எழுதுதல்: குவில்ட் வழி

இரண்டு மூன்று பேட்சுகள் மட்டும் என்றால் குவில்ட்டே போதும். முதலில் வீட்டுக் கோப்புறையில் .குவில்ட்ஆர்சி என்ற கோப்பில், பேட்ச் இருக்கும் இடம் டெபியன்/பேட்சஸ் என்று குறியுங்கள். ரெஃப்ரெஷ் விருப்பங்களாக -பி ஏபி, --நோ-டைம்ஸ்டாம்ப்ஸ், --நோ-இண்டெக்ஸ் மூன்றையும் சேருங்கள். நேரமுத்திரை இருந்தால் ஒவ்வொரு ரெஃப்ரெஷிலும் மாறாத பேட்சும் மாறியதுபோலத் தெரியும்.

எடைச்சீட்டு தராசை /டெவ்/டிடிஒய்எஸ்0 என்ற பழைய சீரியல் போர்ட்டில் மட்டும் தேடுகிறது. இன்றைய கடைகளில் யூஎஸ்பி மாற்றி வழியாக இணைப்பதால் அது /டெவ்/டிடிஒய்யூஎஸ்பி0 என்று வருகிறது. திருத்துவோம்.

குவில்ட் புஷ் -ஏ
குவில்ட் நியூ சீரியல்-போர்ட்-தேர்வு.பேட்ச்
குவில்ட் ஆட் சோர்ஸ்/தராசு.சி

இப்போதுதான் கோப்பைத் திருத்த வேண்டும். பிறகு

குவில்ட் ரெஃப்ரெஷ்
குவில்ட் ஹெடர் -ஈ
குவில்ட் பாப் -ஏ

புதிதாக வருபவர் அதிகம் செய்யும் தவறு, குவில்ட் ஆட் சொல்வதற்கு முன்பே கோப்பைத் திருத்திவிடுவது. ஆட் என்ற கணத்தில் குவில்ட் அந்தக் கோப்பின் அப்போதைய நகலை .பிசி கோப்புறையில் எடுத்து வைக்கிறது. ரெஃப்ரெஷ் அந்த நகலோடுதான் ஒப்பிடும். முன்பே திருத்தியிருந்தால் வேறுபாடே இல்லை என்று பேட்ச் காலியாக வரும். குவில்ட் எடிட் என்ற கட்டளை ஆட் செய்துவிட்டு எடிட்டரைத் திறக்கும், அதையே பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

பேட்ச் கோப்பைக் கையால் திறந்து திருத்த நேர்ந்தால் எடிட்டரின் அமைப்பைப் பாருங்கள். வரிக்கடைசி இடைவெளிகளைத் தானாக வெட்டும் எடிட்டர்கள் பேட்சைக் கெடுத்துவிடும். சூழல் வரிகளில் வரும் வெற்று வரி உண்மையில் ஓர் இடைவெளி எழுத்துடன் தொடங்குகிறது.

பேட்ச் எழுதுதல்: பேட்ச்-க்யூ வழி

நான்கைத் தாண்டினால் எங்கள் பரிந்துரை ஜிபிபி பிக்யூ. ஒவ்வொரு பேட்சையும் ஒரு ஜிட் கமிட்டாக (ஜிட்டில் பதிந்த ஒரு மாற்றமாக) மாற்றிக் கொடுக்கும்.

ஜிபிபி பிக்யூ இம்போர்ட்

என்றதும் பேட்ச்-க்யூ/டெபியன்/லேட்டஸ்ட் என்ற கிளைக்குப் போய்விடுவீர்கள். அங்கே நிரலைத் திருத்தி, ஒரு காரணத்துக்கு ஒரு கமிட் என்று போடுங்கள். முடிந்ததும்

ஜிபிபி பிக்யூ எக்ஸ்போர்ட்

டெபியன் கிளைக்குத் திரும்பி வந்து பேட்சஸ் கோப்புறை முழுவதையும் புதிதாக எழுதிவிடும். அதை ஜிட்டில் கமிட் செய்தால்தான் வேலை முடிந்தது. பேட்ச்-க்யூ கிளையை வெளியே புஷ் செய்ய வேண்டாம், அது தற்காலிகப் பட்டறை.

இரண்டு வழியையும் கலக்காதீர்கள். பேட்ச்-க்யூ கிளை திறந்திருக்கும்போது குவில்ட்டால் ஒரு பேட்சைத் திருத்தினால், அடுத்த எக்ஸ்போர்ட் அந்தத் திருத்தத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிடும்.

ஒவ்வொரு பேட்சுக்கும் முகவரி

பேட்சின் தலைப்பில் எழுத வேண்டியவை டெப்-3 என்ற விதிமுறையில் உள்ளன. டிஸ்கிரிப்ஷன் அல்லது சப்ஜெக்ட்: என்ன மாற்றம், ஏன். ஆத்தர் அல்லது ஃப்ரம்: யார். ஆரிஜின்: வேறிடத்திலிருந்து எடுத்தது என்றால் எங்கிருந்து. பக்: அப்ஸ்ட்ரீமின் பிழைப் பதிவு முகவரி. ஃபார்வர்டட்: அனுப்பிய முகவரி, அல்லது நோ, அல்லது நாட்-நீடட். லாஸ்ட்-அப்டேட்: தேதி. என்ன மாற்றம் என்பதை டிஃபே சொல்லும், அதனால் டிஸ்கிரிப்ஷனில் ஏன் என்பதற்கு நாலு வரி கூடுதலாகச் செலவிடுங்கள்.

இதில் மிக முக்கியமானது ஃபார்வர்டட். எடைச்சீட்டின் நான்கு பேட்சுகளை எடுத்துக்கொள்வோம். சீரியல் போர்ட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி எல்லாருக்கும் பயன்படும், உடனே அனுப்பலாம். பில்ட் நடக்கும்போதே ஒரு நூலகத்தை இணையத்திலிருந்து இறக்கும் சிமேக் (பில்ட் கருவி) வரியை, கணினியில் ஏற்கெனவே இருக்கும் நூலகத்தைத் தேடும்படி மாற்றியது இரண்டாவது. டெபியன் பில்டில் இணையம் கூடாது என்பதால் நமக்கு இது கட்டாயம், அப்ஸ்ட்ரீமுக்கு ஒரு விருப்பத் தேர்வாக அனுப்பினால் மறுக்கக் காரணமிருக்காது. கோப்புகளை நிறுவும் பாதையை டெபியன் முறைக்கு மாற்றிய மூன்றாவது நமக்கு மட்டுமே பொருந்தும், அதற்கு நாட்-நீடட்.

நான்காவது கொஞ்சம் யோசிக்க வைக்கும். எடையை இரண்டு தசம இடத்தோடு வெட்டுகிறது நிரல். வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு கிராமில் மூன்று இடம் வேண்டும். இரண்டை மூன்றாக்கும் ஒற்றை வரி பேட்ச் போட்டுவிடலாம்தான். ஆனால் மண்டிக்காரருக்கும் காபித் தோட்டத்துக்கும் சீட்டின் வடிவம் மாறிவிடும், அப்ஸ்ட்ரீமும் அதை ஏற்கமாட்டார். தசம இடத்தை அமைப்புக் கோப்பில் சொல்லும்படி பத்து வரி எழுதி மேலே அனுப்பினால், அடுத்த பதிப்பில் இந்தப் பேட்சே தேவைப்படாது. நிரலின் நடத்தையை மாற்றும் பேட்சை நாமே நிரந்தரமாகச் சுமப்பது தவறான வழி.

காரணமும் இருக்கிறது. 2006-இல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) பொதியில், நினைவகப் பரிசோதனைக் கருவி தந்த எச்சரிக்கையை நிறுத்த ஒரு பேட்ச் போட்டார்கள். அது சாவி உருவாக்கத்துக்கான தற்போக்குத் தரவையே நீக்கிவிட்டது. மிச்சமிருந்த மாறுபாடு புராசஸ் எண் மட்டும், அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். ஒரு கேள்வி அப்ஸ்ட்ரீமின் மடலாடற்குழுவில் போனது, ஆனால் முழு பேட்ச் முறையாக அவர்கள் பார்வைக்குப் போகவில்லை. லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து, 2008 மே 13 அன்று அறிவிப்பு வரும் வரை உலகெங்கும் பலவீனமான சாவிகள் உருவாகிக்கொண்டே இருந்தன. புரியாத வரியை நீக்கும் பேட்சை, அந்த வரியை எழுதியவர் பார்க்காமல் வெளியிடக் கூடாது.

புதிய பதிப்பு வரும்போது

வரிசை முக்கியம். பழைய நிரலோடு பேட்சுகள் பொருந்தும் நிலையிலேயே முதலில் பேட்ச்-க்யூவை உருவாக்க வேண்டும்.

ஜிபிபி பிக்யூ இம்போர்ட் --ஃபோர்ஸ்
ஜிபிபி பிக்யூ ஸ்விட்ச்
ஜிபிபி இம்போர்ட்-ஆரிக் --யூஸ்கேன்
ஜிபிபி பிக்யூ ரீபேஸ்
ஜிபிபி பிக்யூ எக்ஸ்போர்ட்

முதல் வரியை மறந்து டார் கோப்பை இறக்கிவிட்டீர்களா? ஜிபிபி பிக்யூ இம்போர்ட் --டைம்-மெஷின்=10 என்று கொடுங்கள். பேட்சுகள் கடைசியாகப் பொருந்திய கமிட் வரை பின்னால் போய்த் தேடும்.

ரீபேஸில், அதாவது பேட்சுகளைப் புதிய பதிப்பின் மேல் திரும்ப இடும்போது, மோதல் வந்தால் வழக்கமான ஜிட் மோதல்தான்: திருத்தி, ஆட் செய்து, தொடருங்கள். அப்ஸ்ட்ரீம் ஏற்றுக்கொண்ட பேட்ச் அநேகமாக இந்த இடத்தில் காலியாகி உதிர்ந்துவிடும். குவில்ட் வழியானால் புஷ் செய்யும்போது, ஏற்கெனவே இடப்பட்டதுபோல் இருக்கிறது, தலைகீழாக இடவா என்ற பொருளில் செய்தி வரும். உடனே நீக்கிவிடாமல், அப்ஸ்ட்ரீம் முழுவதும் ஏற்றாரா, பாதியா என்று பார்த்துவிட்டு குவில்ட் டெலீட் -ஆர் கொடுங்கள்.

பொருந்தாத பேட்சை குவில்ட் புஷ் -எஃப் என்று வலிந்து இட்டால், ஒட்டாத துண்டுகள் .ரெஜ் கோப்புகளில் கிடக்கும். அவற்றைப் படித்துக் கையால் செய்து, ரெஃப்ரெஷ் கொடுத்து, .ரெஜ் கோப்புகளை அழியுங்கள்.

சேலத்தில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் டெஸ்க்டாப்பில் பெரிய ரீபேஸைத் தொடங்காமல் இருப்பது நல்லது. பாதியில் நின்றாலும் ஜிட் நிலையைத் தக்கவைக்கும்தான், ஆனால் எந்த மோதலை எதற்காக எப்படித் தீர்த்தோம் என்பது நம் தலையில் இருந்து போய்விடும்.

எங்கே உடையும், ஏன்

குவில்ட்டில் எல்லாம் சரியாக ஒட்டுகிறது, டிபிகேஜி-சோர்ஸ் மட்டும் மறுக்கிறது என்றால் காரணம் ஃபஸ். சூழல் வரிகள் கொஞ்சம் மாறியிருந்தாலும் குவில்ட் பொறுத்துக்கொள்ளும், டிபிகேஜி-சோர்ஸ் ஃபஸ் பூஜ்யம் என்று வைத்திருக்கிறது. வரி எண் மட்டும் நகர்ந்த ஆஃப்செட் என்றால் பிரச்சினை இல்லை. எல்லாவற்றையும் பாப் செய்துவிட்டு, ஒவ்வொன்றாக புஷ், ரெஃப்ரெஷ், புஷ், ரெஃப்ரெஷ் என்று போங்கள். ஆனால் ஃபஸ் வந்த துண்டைக் கண்ணால் படித்தே ஆக வேண்டும். ஒரே மாதிரி இரண்டு ஃபங்ஷன்கள் அடுத்தடுத்து இருந்தால் தவறானதில் ஒட்டியிருக்கும், கம்பைலரும் எதுவும் சொல்லாது.

முதல் முறை பில்ட் ஆகிறது, இரண்டாம் முறை எதிர்பாராத அப்ஸ்ட்ரீம் மாற்றங்கள் என்று நிற்கிறது. பில்டின்போது .பிஓ போன்ற மொழிபெயர்ப்புக் கோப்புகளோ உருவாகும் கோப்புகளோ மாறியிருக்கும். உருவானவற்றை டெபியன்/கிளீன் கோப்பில் பட்டியலிட்டால் அடுத்த முறை அழிந்துவிடும். டிபிகேஜி-சோர்ஸ் --கமிட் என்று கொடுத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், குப்பை முழுவதும் ஒரு பேட்சாகிவிடும்.

படமோ வேறு பைனரியோ மாறினால் டிஃப் அதைச் சுமக்காது. டெபியன் கோப்புறைக்குள் வைத்து, டெபியன்/சோர்ஸ்/இன்க்ளூட்-பைனரீஸ் கோப்பில் பாதையை எழுதுங்கள். இயக்க அனுமதியையும் பேட்ச் சுமக்காது என்று வைத்துக்கொண்டு அதை ரூல்ஸ் கோப்பில் கவனியுங்கள். வரிமுடிவு வேறு என்று பேட்ச் மறுத்தால் அப்ஸ்ட்ரீம் கோப்பு விண்டோஸ் வரிமுடிவில் இருக்கிறது. கோப்பு முழுவதையும் மாற்றாமல், பேட்சின் வரிகளையே அதே முடிவில் வைக்க வேண்டும். ஜிட்டின் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பு ஃபால்ஸாக இருக்கட்டும்.

கான்ஃபிகர் கோப்புக்கு பேட்ச் போடுவது வீண். பொதி கட்ட உதவும் டெப்ஹெல்பரின் 10-ஆம் நிலையிலிருந்து ஆட்டோரீகான்ஃப் இயல்பாகவே ஓடி அதைத் திரும்ப எழுதிவிடும். கான்ஃபிகர்.ஏசி கோப்பைத் திருத்துங்கள்.

ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் பக்கம் வேலை செய்பவர்களுக்கும் கருத்து இதேதான். ஸ்பெக் கோப்பில் சோர்ஸ்0, பேட்ச்0 என்று அறிவித்து, %ஆட்டோசெட்டப் -பி1 கொடுத்தால் வரிசையாக இடும்.

வெளியிடும் முன்

நெட்டைத் துண்டித்துவிட்டு ஒருமுறை பில்ட் செய்யுங்கள். ஒளிந்திருக்கும் பதிவிறக்கம் அப்போது வெளிப்படும். பிறகு எஸ்பில்ட்டில் சுத்தமான குரூட்டில் (கணினிக்குள் தனியே பிரித்த சூழலில்) ஒருமுறை, லிண்டியன் ஒருமுறை. கடைசியாகப் பழைய டிஎஸ்சி கோப்பையும் புதியதையும் டெப்டிஃப்பிடம் கொடுத்து, வரும் வேறுபாட்டை மேலிருந்து கீழ் வரை வாசியுங்கள். சேஞ்ச்லாகில் எழுதாத மாற்றம் ஒன்று அதில் கண்ணில் பட்டால், டேக் போடாமல் பேட்சஸ் கோப்புறைக்குத் திரும்பிப் போங்கள்.